ஹட்டன் வார இறுதி உயிரியல் வகுப்பு: கற்றலும் நினைவும் பற்றிய பாடத்தொடர்

ஹட்டன் நகரில் உயர்தர மாணவர்களுக்காகத் தமிழ்மொழி மூலம் நடைபெறும் உயிரியல் வகுப்பொன்றில், நரம்புத் தொகுதி அலகின் தொடர்ச்சியாக, கற்கும்போது மூளையின் சினாப்சுகளில், அதாவது நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் சந்திப்புகளில், என்ன மாற்றம் நிகழ்கிறது என்பது விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. என் மகள் அங்கு படிக்கிறாள். நானும் விஞ்ஞானம் கற்பிப்பவள் என்பதால், ஆசிரியரின் அனுமதியுடன் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன். மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்யும் பிள்ளைகளுக்கு இத்தரத்தில் ஒரு வகுப்பு எவ்வளவு அவசியம் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

பாடத்தின் உயிர்நாடி, ஆசிரியர் தாமே செய்து கொண்டுவந்த மாதிரியுரு. தகவலைப் பெறும் நரம்புக்கலத்தின் மென்சவ்வாக ஒரு ரெஜிபோம் அட்டை. அதில், இரசாயனச் செய்தியை ஏற்கும் புரதங்களான அம்பா வாங்கிகளாகக் குத்தப்பட்ட சில நீலப் பேனா மூடிகள். நடுவே இன்னொரு வகையான என்எம்டிஏ வாங்கியாக ஒரு குழாய், அதன் வாயை அடைத்தபடி மக்னீசியம் அயனுக்காக ஒரு சிவப்பு மணி. செய்தி கடத்தும் இரசாயனமான குளுட்டமேட் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, மணி அசையாது. அம்பா வாங்கிகளின் ஊடாகச் சோடியம் அயன்கள் உட்புகுந்து, ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டில் இருந்த மென்சவ்வு போதியளவு முனைவழிந்தால்தான் (அந்த மறை மின்னழுத்தம் குறைந்தால்தான்) மணி விலகும். கல்சியம் உள்ளே பாயும். அதனால் தூண்டப்படும் நொதியங்கள் மேலும் அம்பா வாங்கிகளை மென்சவ்வுக்குக் கொண்டுவரும். மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து சென்று, புதிய மூடிகளைத் தன் கையால் அட்டையில் குத்தியபோது, அதே அளவு குளுட்டமேட்டுக்கு இனி இக்கலம் ஏன் கூடுதலாகத் துலங்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருங்கே இயங்கும் நரம்புக்கலங்களின் இணைப்பு வலுப்பெறும் என 1949இல் உளவியலாளர் டொனால்ட் ஹெப் முன்வைத்த கருத்தையும், 1973இல் பிளிஸ், லோமோ ஆகிய இருவரும் முயலின் ஹிப்போகாம்பசு என்னும் மூளைப் பகுதியில் கண்ட நீண்டகால வலுவூட்டலையும் (சினாப்சு வலுப்பெற்று நெடுநேரம் அவ்வாறே இருப்பதையும்) ஆசிரியர் அதன் பின்னரே கூறினார். அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். சினாப்சு வலுவிழக்கும் செயன்முறை மட்டும் அவசரமாகக் கடந்துபோனது. கல்சியம் சிறிதளவாக நெடுநேரம் உட்புகும்போது அம்பா வாங்கிகள் அகற்றப்படுவதையும் அதே அட்டையில் காட்டியிருக்கலாம்.

நரம்பியல் விஞ்ஞானி எரிக் கண்டெல் அப்ளீசியா என்னும் கடல் நத்தையில் செய்த ஆய்வுகள் அடுத்த வாரம் வந்தன. குறுகியகால நினைவுக்கு ஏற்கெனவே உள்ள புரதங்கள் மாற்றமடைந்தால் போதும் என்பதும், நீண்டகால நினைவுக்கு மரபணுக்கள் தூண்டப்பட்டு, புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்க வேண்டும் என்பதும், அதற்கு இடைவெளி விட்ட பயிற்சியே உகந்தது என்பதும் தெளிவாகப் புரிந்தன. வகுப்பும் இதையே பின்பற்றுகிறது: முதல் பகுதியில் புதுப்பாடம் கிடையாது, முந்தைய வாரங்களின் வினாக்களுக்குக் கொப்பியைப் பாராமல் விடை எழுத வேண்டும். என் மகளுக்கு இது தொடக்கத்தில் கடினமாக இருந்தது. இப்போது வீட்டிலும் அவ்வாறே படிக்கிறாள். பரீட்சைக்கு முந்தைய இரவிலும் நேரத்துக்கு உறங்கச் செல்கிறாள்.

குறைகளும் உண்டு. வகுப்பில் தரும் பாடக்குறிப்பான டியூட்டின் போட்டோப்பிரதி மங்கலாக இருப்பதால், சினாப்சுப் புடகங்களும் இழைமணிகளும் ஒரே கறுப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன. படம் வரைந்து பெயரிடப் பழகும் பிள்ளைக்கு இது நட்டம். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பின்வரிசைக்கு எதுவும் கேட்பதில்லை. வகுப்பு பிந்தி முடியும் நாட்களில் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து போகிறார்கள்.

ஆயினும் என்னை மிகவும் வருத்துவது, பரீட்சைக்கு முன் காலையிலிருந்து மாலைவரை ஒரே மூச்சில் நடத்தப்படும் கருத்தரங்கு. இடைவெளியின் அவசியத்தை இத்துணை அழகாகக் கற்பிக்கும் வகுப்பு, முழுப் பாடத்திட்டத்தையும் ஒரே நாளில் திணிக்கக் கூடாது. அதனைப் பல சனிக்கிழமைகளுக்குப் பகிர்ந்து நடத்துமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஏனைய பெற்றோரும் கேட்க வேண்டும்.