திருச்சி என்.எஸ்.பி. சாலை: தரைக்கடையில் எதை வாங்கலாம்?

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கல்யாண ஜவுளிக்குக் குறைவில்லை. ஆனால் தோள் இறங்கிய தொளதொள டி-சர்ட்டும் கார்கோ பேன்ட்டும் வேண்டுமென்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிட்டால், டெல்டாக்காரர்கள் பலரும் திருச்சிக்குத்தான் பேருந்து ஏறுகிறோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, செயின்ட் ஜோசப் கல்லூரியைக் கடந்து, மெயின்கார்டு கேட் வழியாகத் தெப்பக்குளத்தை நோக்கி நடந்தால் என்.எஸ்.பி. சாலை வந்துவிடும். சாரதாஸ் போன்ற பெரிய ஜவுளிக்கடைகள் இங்கே இருந்தாலும், சுற்றியுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் மொய்ப்பது என்னவோ தரைக்கடைகளைத்தான்.

தரைக்கடைகளில் கிடைப்பவற்றில் டி-சர்ட்டுகளே உருப்படியானவை. திருப்பூரில் ஏற்றுமதிக்காகத் தைத்து எஞ்சியவை என்று சொல்லியே எல்லாவற்றையும் விற்கிறார்கள். கழுத்துப் பட்டையில் லேபிளைக் கத்தரித்த தடம் இருப்பதை மட்டும் வைத்து அதை நம்பிவிட முடியாது. சட்டையை இரு தோள்களிலும் பிடித்துத் தொங்கவிட்டு, பக்கவாட்டுத் தையல் நேராக இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. அது முன்பக்கமாகத் திரும்பியிருந்தால், நாலு முறை துவைப்பதற்குள் சட்டை முழுவதுமே கோணிக்கொள்ளும். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கும்போது விரல்கள் தெளிவாகத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது.

பேன்ட் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. போட்டுப் பார்க்க இடம் கிடையாது என்பதால், பொத்தானைப் போட்ட இடுப்புப் பட்டையைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, "ரெண்டு முனையும் சேருது பாருங்க தம்பி, இடுப்புக்குக் கரெக்டா இருக்கும்" என்கிறார் கடைக்காரர். இடுப்புக்கு இந்த அளவு பெரும்பாலும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் தொடையும் உயரமும் எப்படி அமையும் என்பதைக் கழுத்து சொல்லாதே! மாற்றித் தரும் வழக்கமும் பொதுவாக இல்லை. ஆகவே பேன்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், போட்டுப் பார்க்க அறை இருக்கும் கடைக்குள் ஏறிவிடுவதே மேல். செருப்பு, கண்ணாடி, கைப்பை எல்லாம் ஒரு சீசனுக்குத் தாங்கும்; அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பேரம் உண்டு, ஆனால் ஒன்றுக்கு மூன்றாக எடுக்கும்போதுதான் விலை உண்மையில் இறங்குகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால், சிறு குழந்தைகளுடன் செல்பவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும்; என்ன, அந்த நேரத்தில் தரைக்கடைகளில் பாதிதான் விரித்திருப்பார்கள்.