300 வாட் ஆம்ப் என்று சொல்லி விற்றார்கள், என் ட்வீட்டர் போனது

உள்ளங்கை அகலத்தில் சின்னதாக வரும் ஸ்டீரியோ ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் இருப்பது ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர். 4 ஓம் (மின்தடை), சென்சிடிவிட்டி (கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) 86 டெசிபல், பின்னால் 150 வாட் என்று போட்டிருக்கும். பழைய ஆம்ப் செத்துப்போனதால் புதிதாகத் தேடிப் போனபோது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 300+300 வாட் (இடது, வலது சேனலுக்குத் தலா 300) என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட ஒன்று. "150 வாட் ஸ்பீக்கருக்கு இது அதிகம் இல்லையா?" என்று கேட்டேன். "அதிகமாக இருப்பதுதான் சார் நல்லது, ஆம்ப் திணறாது, பாதி வால்யூமுக்கு மேல் போகாதீங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த யோசனை தப்பில்லை. பவர் பற்றாத ஆம்ப்பை அளவுக்கு மேல் தள்ளினால் அதுவே ட்வீட்டரை (பெட்டிக்குள் உயர்ந்த சுருதி ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரை) கொன்றுவிடும். தப்பு அந்த 300-இல் இருந்தது.

முதல் சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் மட்டும் ஜால்ரா, வயலின் எல்லாம் தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்கும். ரெக்கார்டிங் மட்டம் என்று நினைத்துக்கொண்டேன், 300 வாட் கையில் இருக்கும்போது ஆம்ப் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரு நாள் மாலை வீட்டில் ஆட்கள், பேச்சுச் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூமையும் ஏற்றி, பேஸ் குமிழையும் கடைசிவரை திருப்பி வைத்தேன் (இது என் முட்டாள்தனம்தான், பேஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு பவர் வேண்டும்). ஒருமுறை டப்பென்று சத்தம் நின்று தானாகவே திரும்ப வந்தது. அரை மணியில் இடது பக்கம் மங்கிப் போய், கம்பளிக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிட்டது.

மறுநாள் ட்வீட்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் 3 ஓம் சொச்சம் காட்டியது, இடது பக்கம் ஒன்றுமே காட்டவில்லை, ஓப்பன். மூக்கருகே கொண்டுபோனால் வார்னிஷ் கருகிய வாடை. ட்வீட்டரை அசைக்கும் வாய்ஸ் காயில் என்ற சுருளில், தலைமுடி மாதிரி இருக்கும் கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். அதே ஆள் சொன்னார்: "300 வாட்டை 150 வாட் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் எரியாமல் என்ன செய்யும்? நீங்கள் ஓவராக வைத்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது." விற்கும்போது நல்லதாக இருந்த அதே 300, பணம் கேட்டதும் குற்றமாகிவிட்டது!

வீட்டுக்கு வந்த பிறகுதான், முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன்: கூட வந்த அடாப்டரின் ஸ்டிக்கர். 24 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 120 வாட், அதுவும் இரண்டு சேனலுக்கும் சேர்த்து. உள்ளே போவதே 120 என்றால் 600 எங்கிருந்து வரும்? வோல்ட்டேஜ் கணக்கும் அதையே சொல்கிறது. 24 வோல்ட் சப்ளையில் ஓடும் இந்த வகை ஆம்ப் ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் 17 வோல்ட் ஆர்.எம்.எஸ் (ஏறி இறங்கும் வோல்ட்டின் பயன்படு அளவு) கொடுக்கும். 17-ஐ 17-ஆல் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 36 வாட், 4 ஓமால் வகுத்தால் 72. இரண்டு சேனலும் ஒன்றாக 72 கேட்டால் அடாப்டரே தாங்காது, அன்று டப்பென்று நின்றது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

300 என்பது பொய்யென்றும் சொல்ல முடியாது, அதுதான் இதில் சாமர்த்தியம். உள்ளே இருப்பது டிபிஏ3255 சிப். அதன் டேட்டாஷீட்டில் (சிப் தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில்) 4 ஓமுக்கு 315 வாட் என்று இருக்கிறது, ஆனால் 50 வோல்ட் அளவில் சப்ளை கொடுத்து, 10% டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்). 10% என்றால் ஒலி அலையின் உச்சி ஏற்கெனவே வெட்டுப்பட்டாயிற்று, அதை யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். சிப்பின் எண்ணைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, அதில் பாதி வோல்ட் கூட வராத அடாப்டரைக் கூட வைத்து விற்கிறார்கள்.

பவர் தீர்ந்தபின் ஆம்ப்பை மேலும் தள்ளினால் பேஸ் அதற்கு மேல் ஏறாது, ஹை (உயர்ந்த சுருதி ஒலி) மட்டும் ஏறிக்கொண்டே போகும், உச்சி வெட்டுப்பட்ட அலையில் பிறக்கும் ஹார்மோனிக்ஸும் (கூடுதல் உயர் ஒலிகளும்) கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து அனுப்பும் சுற்று) வழியாக நேரே ட்வீட்டருக்குத்தான் போகும். ஸ்பீக்கர் பின்னால் 150 வாட் என்று இருப்பது மொத்தப் பெட்டிக்கு. ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்தான்.

இவ்வளவு வாட் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். சாதாரணமாகக் கேட்க எனக்கு 1 வாட் கூட வேண்டாம், உண்மை. ஆனால் நல்ல ரெக்கார்டிங்கில் ஒரு மிருதங்க அடி சராசரியை விட 20 டெசிபல் மேலே எகிறும், 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. 1 வாட் அந்த நொடியில் 100 ஆகிறது. சென்சிடிவிட்டி 92 உள்ள ஸ்பீக்கராக இருந்தால் அதில் கால்வாசி போதும், என் 86-க்குப் போதாது.

அதனால் கடையில் நின்று கேளுங்கள்: எத்தனை ஓமில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில், இரண்டு சேனலும் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை (காதுக்குக் கேட்கும் முழு வீச்சிலும்) எத்தனை வாட்? வெறும் 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலை மட்டும் ஓட்டி எடுத்த எண் என்றால் கணிசமாகக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறுவது தெரியும்.

இப்போது 8 ஓமில் 100, 4 ஓமில் 180 வாட் தரும் ஒரு கனமான ஆம்ப் வாங்கிவிட்டேன். தகரம் சுரண்டும் சத்தம் போயே போச்சு. பழையதை 8 ஓம் சின்ன ஸ்பீக்கரோடு படிக்கும் அறையில் வைத்திருக்கிறேன், மெதுவாகக் கேட்க அது தாராளம். ட்வீட்டருக்கான காசு மட்டும் இன்னும் வரவில்லை, கடைக்காரர் போனை எடுப்பதே இல்லை.