எச்எம்டியா, சீகலா, சீக்கோவா: கடலோரத்தில் வாட்ச் ரிப்பேர் பழக எது தோது?

பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் வாட்ச்சைப் பிரித்துப் பூட்டப் பழக ஆசைப்படுபவருக்கு ராமநாதபுரம் பக்கம் மூன்று வழி இருக்கிறது. பழைய எச்எம்டி, சீனாவின் சீகல் எஸ்டி36 மெஷின் (மெஷின் என்றால் வாட்ச்சுக்குள் ஓடும் இயந்திரம்), கீழக்கரை வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்து பீரோவில் தூங்கும் சீக்கோ 5. நான் பழகியது எச்எம்டியில். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

சீக்கோவை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். அருமையான வாட்ச், ஆனால் பழைய சீக்கோ 5-கள் பலவற்றில் இருக்கும் 7எஸ்26 மெஷினில் கை அசைவில் தானாகவே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் பகுதி, தேதி, கிழமை என்று அடுக்கு அதிகம். பேலன்ஸ் வீல் என்பது முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் சக்கரம்; அதன் அச்சு நுனி சுற்றும் கல்லைப் பிடித்திருக்கும் டயாஷாக் ஸ்பிரிங் பொடிசு, ட்வீசரிலிருந்து தெறித்தால் அன்றைய வேலை தரையைத் தடவுவதுதான். நான் அதில் அதிகம் கை வைத்ததில்லை, அதனால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சீகல் எஸ்டி36 சுவிஸ் யூனிடாஸ் 6497 என்ற மெஷினை ஒட்டிச் செய்தது. பாக்கெட் வாட்ச் அளவு, குறுக்களவு 36.6 மில்லிமீட்டர். எல்லாம் பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும், கழற்றிப் பூட்டுகிற வரிசை சீக்கிரம் மனதில் நிற்கும். ஆனால் அது புதிதாக, ஓடிக்கொண்டே வருகிறது. ஓடுவதைப் பிரித்துத் திரும்ப ஓட வைத்தால் பூட்டுகிற வேலை பழகும்; ஓடாதது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கப் பழகாது. எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லுமளவுக்கு என்னிடம் அது இருந்ததில்லை.

அப்புறம், முடிவைத் தீர்மானிக்கிற விஷயம்: உதிரிபாகம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கியது எச்எம்டியின் வாட்ச் தயாரிப்பு. 2016-இல் மத்திய அரசு எச்எம்டி வாட்ச்சஸ் கம்பெனியை மூட ஒப்புதல் கொடுத்தது. கம்பெனி போனாலும் பாகம் போகவில்லை. ஜனதா, பைலட், கோஹினூர் என்ற எச்எம்டி மாடல்கள் மூன்றிலும் பெரும்பாலும் 0231 என்ற ஒரே மெஷின்தான், 17 கல். ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும். ஓடாத ஜனதா நம் ஊர்களில் மேசை டிராயர்தோறும் உண்டு. ஒரு சீகல் விலைக்கு அப்படி இரண்டு மூன்று வாங்கிவிடலாம்.

நம் கரையில் இது இன்னும் முக்கியம், காரணம் உப்பு. தினமும் சாவி கொடுக்கும்போது ஈரக்காற்று உள்ளே போகிற வழி கிரவுன், அதாவது பக்கவாட்டில் திருகும் குமிழ்தான். அதனால் பாம்பன், மண்டபம் பக்கத்து வாட்ச்சைத் திறந்தால் ஸ்டெம் (கிரவுனோடு சேர்ந்த தண்டு), அதில் மாட்டியிருக்கும் கிளட்ச், அவற்றைத் தாங்கும் ஸ்பிரிங் இவையெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். பித்தளைச் சக்கரங்களோ பளிச்சென்று இருக்கும். கீழே விழுந்து பேலன்ஸ் அச்சு உடைந்த வாட்ச்சில் நேர்மாறு: சாவிப் பக்கம் நன்றாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஓடுகிற வாட்ச் ஒன்று கிடைக்கும். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் அதோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுவதே வழி.

சக்கரங்கள் மேல் பிரிட்ஜை, அதாவது அவற்றின் மேல்நுனிகளைப் பிடிக்கும் தகட்டை, வைக்கும் இடத்தில்தான் பொறுமை தேவை. திருகை முடுக்காமல், ஒவ்வொரு சக்கரத்தின் நுனியையும் குச்சியால் லேசாகத் தள்ளி அதனதன் கல்லுக்குள் இறக்க வேண்டும். எல்லாம் இறங்கியதும் பிரிட்ஜ் தானாகவே படியும். சக்கரங்களை விட்டு விட்டு நிறுத்தும் பேலட் என்ற கவையைப் போடுவதற்கு முன் சாவியை ஒரு பல் திருப்பினால் சக்கரங்கள் சர்ரென்று சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் திருகை முடுக்கக் கூடாது, நுனி ஒடிந்துவிடும்.

வாங்கப் போகும்போது பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேசாக அசைத்தால் பேலன்ஸ் வீல் ஆடுகிறதா, திருகுகளின் தலை சிதையாமல் இருக்கிறதா, இந்த இரண்டும் போதும். கண்ணைப் பறிக்கும் கலரில் புது டயல் அடித்து விற்பவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பிரித்த பாகங்களை விரலால் தொடாமல் ட்வீசரால் எடுங்கள், நம் ஊர் வியர்வை பட்ட இடமும் துருவேறும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வேலை நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது.

லென்ஸ் வைத்தும் சின்னத் திருகு பிடிபடாதவர்கள் மட்டும் சீகலில் தொடங்கினால் சரி.