4004-ஆ, டிஎம்எஸ் 1000-ஆ: நாலு பிட் சிப்களில் எது எதற்கு?

ஒரே நேரத்தில் நான்கு பிட்டுகளை (0 அல்லது 1) கையாளும் நாலு பிட் சிப் என்றதும் பேச்சு இன்டெல் 4004-இல்தான் தொடங்கும். 1971 நவம்பரில் வெளிவந்தது, 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்டது. ஆனால் விளையாட்டுப் பொருளாகவும் கால்குலேட்டராகவும் வீடு வீடாகப் போனது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1974-இல் விற்கத் தொடங்கிய டிஎம்எஸ் 1000. இரண்டுக்கும் பிறந்த வீடு கால்குலேட்டர்தான். 0 முதல் 9 வரை ஓர் இலக்கத்தை வைக்க நாலு பிட் போதும்.

4004 கூட்டுக்குடும்பம், டிஎம்எஸ் 1000 தனிக்குடித்தனம். 4004-க்குத் துணைச் சிப்கள் வேண்டும்: நிரல் 4001 ரோமில் (படிக்க மட்டுமான நினைவகம்), தரவு 4002 ராமில் (எழுதிப் படிக்கும் நினைவகம்), வெளி இணைப்புகளைப் பெருக்க 4003. ஜப்பானின் பிசிகாம் 141-பிஎஃப் கால்குலேட்டரில் ஒரு 4004-உடன் நான்கு ரோம், இரண்டு ராம், மூன்று 4003 உட்கார்ந்திருந்தன.

4004-க்கு மொத்தமே 16 கால்கள் (வெளியே நீளும் இணைப்பு முனைகள்). அதனால் முகவரி, கட்டளை, தரவு எல்லாம் ஒரே நான்கு கம்பிகளில் முறை வைத்துப் போகின்றன: 12 பிட் முகவரிக்கு மூன்று கடிகாரத் துடிப்பு, 8 பிட் கட்டளை வந்து சேர இரண்டு, வேலையை முடிக்க மூன்று. எட்டுத் துடிப்பில் ஒரு சுற்று, 10.8 மைக்ரோசெகண்ட். 4004-ஐ உருவாக்கிய ஃபஜின், ஹாஃப், மேஜர், ஷிமா நால்வரின் உழைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குறைகளும் உண்டு. ஆண்ட், ஆர் என்ற தருக்கக் கட்டளைகள் இல்லை, இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் வசதி) இல்லை, சப்ரூட்டீன் (துணை நிரல்) ஒன்றுக்குள் ஒன்றாக அழைக்க மூன்று அடுக்குதான். 1974-இல் வந்த 4040 இவற்றைச் சரிசெய்தது. ஆனால் அதே வருடம் அதே இன்டெல் எட்டு பிட் 8080-ஐயும் இறக்கிவிட்டது. அப்புறம் 4040-ஐ யார் பெரிதாகத் திரும்பிப் பார்ப்பார்கள்?

டிஎம்எஸ் 1000-இல் 1,024 பைட் ரோம், 64 நாலு பிட் இடங்கள் கொண்ட ராம், உள்ளீடு வெளியீடு எல்லாம் 28 கால் சிப் ஒன்றுக்குள் அடக்கம். சிக்கனம் எந்த அளவுக்கு என்றால், அடுத்த கட்டளை எங்கே என்று காட்டும் அதன் நிரல் எண்ணி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறாது. டிரான்சிஸ்டரை மிச்சம் பிடிக்க, ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்டுகளை ஓரிடம் நகர்த்தும் எளிய சுற்று) தரும் தாறுமாறான வரிசையில் தாவும். சப்ரூட்டீன் ஒரே அடுக்கு.

வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இரண்டுக்குமே ஒரு கட்டளைக்குப் பத்துப் பதினைந்து மைக்ரோசெகண்ட் ஆகும். நிரலை மாற்ற முடியுமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 4001-உம் தொழிற்சாலையில் பதித்த ரோம்தான். ஆனால் 4008, 4009 இணைப்புச் சிப்கள் வந்தபின் புற ஊதாக் கதிரில் அழித்து எழுதும் 1702-ஐ மாட்டிக்கொள்ளலாம். டிஎம்எஸ் 1000-இல் நிரல் சிப்போடு சேர்த்தே வார்க்கப்படும். ஒரு பிழை இருந்தால் புது மாஸ்க் (சிப்பை அச்சிடும் வார்ப்புரு) போட வேண்டும். பத்து இயந்திரம் செய்பவருக்கு இது கட்டுப்படியாகாது. லட்சக்கணக்கில் செய்பவருக்கோ சிப் இரண்டு மூன்று டாலருக்குக் கிடைத்தது. 1978-இன் சைமன் விளையாட்டு அந்த விலையால்தான் சாத்தியமானது. ராக்வெல்லின் பிபிஎஸ்-4 என்ற நாலு பிட் சிப் குடும்பமும் களத்தில் இருந்தது, காட்லீப் நிறுவனத்தின் பின்பால் விளையாட்டு மேசைகளில் இடம்பிடித்தது.

இன்று கற்றுக்கொள்ள என்றால் யோசிக்காமல் 4004-ஐ எடுங்கள். அதன் சுற்றுப்படங்களை இன்டெலே 2006-இல் வெளியிட்டுவிட்டது. டிஎம்எஸ் 1000-க்குள் இருக்கும் பழைய நிரலைப் பார்க்க, உறையை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்துப் பிட் பிட்டாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 4004-இல் முதலில் இரண்டு தசம எண்களைக் கூட்டும் நிரலை எழுதிப் பாருங்கள். டிஏஏ என்ற தசமத் திருத்தக் கட்டளையை எதற்கு வைத்தார்கள் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.