பூனைகளோடு வீடு மாறுவது: தூக்கிப்போவதா, விட்டுப்போவதா, கிண்ணத்தை நகர்த்துவதா?

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பழைய அடுக்ககம். இடித்துக் கட்டப்போகிறார்கள், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். வீட்டுக்குள் இரண்டு பூனை. மாடிப்படிக்கு அடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் சோறு வைத்துப் பழகிய பூனை ஐந்து. புது வீடு தாம்பரம் தாண்டி. சென்னையில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் நிலவரம் இது. இந்த ஏழு பூனையை வைத்தே கணக்குப் போடலாம்.

ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் முதல் அடியிலேயே பிசகும். பிரிப்பதற்குச் சோதனை எளிது: சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார விடுகிறதா, இரண்டு கையாலும் தூக்கிப் பத்து விநாடி வைத்திருக்க முடிகிறதா? முடிந்தால், தெருவிலேயே பிறந்திருந்தாலும் அது வீட்டுப்பூனைக் கணக்குதான். ஆறடிக்குள் போனாலே நழுவி ஓடுகிறதென்றால், அந்த மதிலும் சந்தும் ஷெட்டும்தான் அதன் வீடு. நீங்கள் அங்கே சோறு கொண்டுவரும் ஆள், அவ்வளவுதான்.

வீட்டுப்பூனையை எதில் ஏற்றுவது?

சாமான் லாரி வேண்டவே வேண்டாம். மூடிய லாரியின் பின்பக்கம் வெயிலில் அடுப்பாகிவிடும். பீரோவோ மெத்தையோ சரிந்தாலும் யாருக்கும் தெரியாது. சொந்தக் கார் முதல் தரம். கால் டாக்ஸியும் பரவாயில்லை. ஆனால் பூனை வருகிறது என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து அவர் மறுத்தால் கேரியரில், அதாவது பூனையை எடுத்துச்செல்லும் பெட்டியில், அடைத்த பூனையோடு அரை மணி நேரம் தெருவில் நிற்க நேரும்.

கோவை, மதுரை என்று தொலைவு கூடும்போது ரயில் நினைவுக்கு வரும். ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூப்பேயோ நான்கு படுக்கைக் கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால்தான் பூனையைக் கூடவே வைத்துக்கொள்ள முடியும். கூப்பே கிடைத்ததா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். கிடைக்காவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில், விலங்குகளுக்கான கூண்டில்தான் போக வேண்டும்: இருட்டு, இரைச்சல், தெரியாத நாய்களின் வாடை. அதற்குக் கோவை வரை ஐநூறு கிலோமீட்டர் காரிலேயே போய்விடலாம்.

கேரியரில் கெட்டி பிளாஸ்டிக்தான் நம்பத்தக்கது. துணிப் பையின் ஜிப்பை நகத்தால் நெம்பித் திறக்கும் பூனைகள் உண்டு. மூங்கில் கூடையின் மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டுவது ஆட்டோவில் அடுத்த தெரு போக உதவும், அதற்கு மேல் இல்லை. பிளாஸ்டிக் கேரியரிலும் மேல் கீழ் பாதிகளைச் சேர்க்கும் கிளிப்புகளை நம்பக் கூடாது. நான்கு மூலையிலும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஒரு கேரியரில் ஒரு பூனை மட்டும். வீட்டில் கொஞ்சிக்கொண்டிருக்கும் இரண்டும் பயத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

ஏற்றும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கதவு மேலே பார்க்கும்படி கேரியரைச் செங்குத்தாக நிறுத்தி, பூனையின் பின்னங்கால்கள் முதலில் இறங்கும்படி உள்ளே விட வேண்டும். முகத்தை முன்னால் தள்ளினால் நான்கு காலையும் விளிம்பில் ஊன்றிக்கொள்ளும். இரண்டு பேர் சேர்ந்தாலும் நடக்காது. கீழே செய்தித்தாள், அதன்மேல் பூனை படுத்த பழைய துண்டு, கேரியரின் மேல் பருத்தித் துணி. கடைசி உணவு ஐந்து மணி நேரம் முன்னதாக, தண்ணீருக்குத் தடையில்லை.

பயந்த சுபாவப் பூனைக்கு கால்நடை மருத்துவர்கள் பதற்றம் தணிக்கும் காபாபென்டின் மருந்தை எழுதித் தருவதுண்டு. புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுப்பது. அளவு அவர் சொன்னபடி, அதுவும் முதல் தடவை பயண நாளில் வேண்டாம். இரண்டு நாள் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் கை வைக்காதீர்கள்: பாதி பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

புது வீட்டில்: ஒரே அறையா, வீடு முழுக்கவா?

ஒரே அறைதான். வீடு முழுக்கத் திறந்துவிட்டால் பூனை லாஃப்டுக்கோ ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ போய் ஒடுங்கும். அது சாப்பிட்டதா, சிறுநீர் போனதா என்பதே தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும். ஆண் பூனை, சிறுநீர் கழிக்க வைத்த மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சொட்டுக்கூட வரவில்லையென்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரண்டு நாள் ஒன்றுமே சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். தும்மலும் கண்ணில் நீரும் புது வீட்டுக்கு வந்த அன்றே தெரிவதில்லை. உள்ளே பதுங்கியிருந்த ஹெர்பிஸ் கிருமி அலைச்சலில் கிளம்ப ஒரு வாரம் ஆகும்.

பால் காய்ச்சும் நாளில் பூனையைக் கொண்டுவராதீர்கள். வாசல் திறந்தே கிடக்கும், ஹோமப் புகை இருக்கும், ஆள் நடமாட்டம் ஓயாது. கூட்டம் கலைந்த பிறகு, சாமானெல்லாம் இறங்கிய மறுநாள் கொண்டுவரலாம். அதற்குள் தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல பினாயில்களில் இருக்கும் பீனாலைப் பூனையின் கல்லீரலால் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே அனுப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் போதும். துணிப் பெட்டியிலிருந்து உருளும் பாச்சை உருண்டையும் விஷம்தான்.

மண் தட்டு பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, இரண்டுக்கு மூன்று. பழைய தட்டு மண்ணில் ஒரு கைப்பிடியைப் புதியதில் கலந்தால் இடம் தேடித் தடுமாறாது. பால்கனிக்குப் புறா வலை போதாது, நைலானைக் கடித்துவிடும். ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள். வெளியே போய்ப் பழகிய பூனையாக இருந்தாலும் மூன்று வாரம் கதவு திறக்க வேண்டாம்.

தெருப்பூனை: மூன்று வழி

“நீங்க போயிட்டா இதுங்களுக்கு யாருங்க சோறு வைப்பா?” என்று வாட்ச்மேன் கேட்பார். அடுத்த மூச்சிலேயே அவரே வழியும் சொல்வார்: “சாக்குல போட்டு மீன் மார்க்கெட்ல விட்டுருங்க, பொழச்சிக்கும்.” பிழைக்காது. மார்க்கெட்டுக்கென்று ஏற்கெனவே கடுவன்கள் இருக்கும். புதிதாக வந்ததை விரட்டி ரோட்டில் தள்ளும். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றமாகவும் இருக்கிறது. ஆகவே இதை வழியாகவே எண்ணவில்லை.

இருந்த இடத்திலேயே விட்டு, சோறு வைக்க ஆள் ஏற்பாடு செய்வது முதல் வழி. கட்டடம் நிற்கிற வரை இதுதான் நல்லது. ஆனால் “பாத்துக்கோங்க” என்ற வாய்வார்த்தை ஒரு மாதம் தாங்காது. அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும்: “காலை 6.30, மாலை 6. ஐந்து பூனை, நாளைக்கு 300 கிராம் உலர் தீவனம், மாதம் 9 கிலோ. தண்ணீர் மண் சட்டியில். கறுப்பு வெள்ளைப் பெண், இடது காது நுனி வெட்டியது, அதாவது கருத்தடை ஆகிவிட்டது. பழுப்புக் கடுவன் கடைசியில்தான் வரும்.” கைமாற்றும் முன் ஐந்துக்கும் கருத்தடை முடிந்திருப்பதுதான் இதில் பாதி வெற்றி. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம். ஐந்துக்குச் சம்மதித்தவர் பதினைந்தைப் பார்த்தால் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கட்டடமே போகிறதென்றால் இரண்டாவது வழி. பெரும்பாலானோருக்கு இது தோன்றுவதே இல்லை: பூனையை விட்டுவிட்டுக் கிண்ணத்தை நகர்த்துவது. முதல் வாரம் சோற்று நேரத்தை மட்டும் கடிகாரம் போலச் சீராக்குங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று மீட்டர், சம்மதித்த பக்கத்து வளாகத்தை நோக்கி. நாற்பது மீட்டர் கடக்க நான்கு வாரம் ஆகும். பழைய இடத்தில் ஒரு பருக்கைகூட வைக்கக் கூடாது. பாவம் பார்த்து அங்கேயும் கொஞ்சம் போட்டால் பூனை அங்கேயே நின்றுவிடும், இடிக்கும் இயந்திரம் வரும் நாளிலும். சுவர் தாண்டும் கட்டத்தில் மட்டும் மூன்று நான்கு நாள் கூடுதலாகக் காத்திருங்கள். இடிப்பதற்கு முந்தைய வாரம் மீட்டர் அறை, மோட்டார் அறை, குழாய்ச் சந்து எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டி மனிதக் கைக்குப் பழகும். எடுத்து வளர்க்க ஆள் தேடலாம்.

புது வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு போவது மூன்றாவது வழி. ஆசை இங்கேதான் இழுக்கும், தோல்வியும் இங்கேதான் அதிகம். அக்கம்பக்கத்தில் யாருமே ஒத்துக்கொள்ளாதபோது மட்டும் இதைத் தொடலாம். பிடிக்க எண்பது தொண்ணூறு சென்டிமீட்டர் நீளக் கூண்டு, உள்ளே கடைசியில் பொரித்த மத்தி, முந்தின நாள் மாலையிலிருந்து சோறு கிடையாது. கதவு விழுந்ததும் துணியால் மூடினால் அடங்கிவிடும். பெண் பூனையின் காம்பு பால் கட்டிச் சுற்றி முடி உதிர்ந்திருந்தால் அன்று பிடிக்காதீர்கள், எங்கேயோ குட்டி காத்திருக்கிறது. வெறுங்கை நீட்டக் கூடாது. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள். கடித்தது பூனையானாலும் ஊசி அதேதான்.

பிறகு புது இடத்தில் நான்கு வாரம் அடைப்பு. பூட்டிய அறை நல்லது. மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் சித்திரை வெயிலில் உயிரை வாங்கிவிடும். உள்ளே ஒளிந்துகொள்ள ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, மண் தட்டு, அதே நேரத்துச் சோறு, வைக்கும்போது அதே குரல். ஐந்தாம் நாள் அழுகை பொறுக்காமல் திறந்துவிட்டால் மயிலாப்பூர் திசையில் கிளம்பிவிடும். நடுவில் ஜிஎஸ்டி சாலை இருக்கிறது.

நான்கு வாரம் கழித்துத் திறக்கும்போது துரத்தி வெளியேற்றாதீர்கள். மழையும் பட்டாசும் இல்லாத ஒரு மாலை, சோற்று நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கிண்ணம் அறைக்குள்ளேயே இருக்கட்டும், இன்னும் இரண்டு மாதத்துக்கு.