டிபி போர்டைத் திறக்காமல் வந்த சான்றிதழ்

அம்மா போன பிறகு சாட்ஸ்வொர்த் வீட்டை விற்பதென்று முடிவாகி, மூன்று வார விடுப்பில் டர்பன் போயிருந்தேன். தென்னாப்பிரிக்காவில் வீடு கைமாற மின்பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம். எல்லாரும் சிஓசி என்றுதான் சொல்வார்கள். 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்கும்போது அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. எங்களிடம் இருந்தது அப்பா காலத்துத் தாள். மின்வேலி இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். எங்கள் வீட்டில் வேலி இல்லை.

சான்றிதழ் தர முதலில் வந்த எலக்ட்ரீஷியன் இருபது நிமிடம்தான் இருந்தார். லைட்டுகளைப் போட்டு அணைத்தார். வீட்டு லைன்களெல்லாம் பிரியும் மின்பெட்டியான டிபி போர்டின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஒற்றைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் சரி, வேலை முடிந்தது என்றிருந்தேன். சாயங்காலம் அக்காதான் கேட்டாள்: "டெஸ்ட் ரிப்போர்ட் எங்கடா?" அது இல்லாத சிஓசி செல்லாது. அதைவிட, பின்பக்க அறையில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்களுடைய கீசருக்கும் இதே போர்டிலிருந்துதான் கரண்ட் போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் வேறொருவரை அழைத்தோம். கேட்பதற்கு முன்பே தன் பதிவுச் சான்றைக் காட்டினார். மெயினை அணைத்து, போர்டைத் திறந்து, இரண்டரை மணி நேரம் வேலை பார்த்தார். ஒவ்வொரு லைனிலும் இன்சுலேஷனை அளந்தார், ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் எர்த் வருகிறதா என்று பார்த்தார். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் எர்த் லீக்கேஜ் என்கிற பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிட வேண்டும். அவர் எத்தனை முறை சோதித்தும் பின்பக்க லைனுக்கு அது விழவே இல்லை. லோட் ஷெடிங் என்கிற சுழற்சி மின்வெட்டு சமயத்தில் இன்வெர்ட்டர் மாட்டியவர்கள் அந்த லைனை எர்த் லீக்கேஜுக்கு வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். புதிதாக எதைச் சேர்த்தாலும் அந்தப் பகுதிக்காவது சிஓசி வாங்க வேண்டும் என்பது விதி. யாரும் வாங்கவில்லை. ஈரக் கையோடு அந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் சுவிட்சைத் தொட்டிருப்பார்கள்!

லைனை மாற்றி, மறுபடி சோதித்து, எண்களெல்லாம் எழுதிய ரிப்போர்ட்டோடு சிஓசி கொடுத்தார். முதலாமவரைப் பற்றித் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதினோம். கிளம்புகிற அன்று பின்பக்க வீட்டு அம்மாவை டிபி போர்டு முன்னால் நிறுத்தி, எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொன்னேன். டக்கென்று விழுந்தது.