ப்ரோஃபிபஸா, ப்ரோஃபிநெட்டா: வயர் இழுக்கிறவர் பார்வையில்

தொழிற்சாலையில் கன்ட்ரோலரும் சென்சார், மோட்டார் டிரைவ் போன்ற கருவிகளும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் வகைகள்தான் ப்ரோஃபிபஸும் ப்ரோஃபிநெட்டும். புது உற்பத்தி லைனுக்கு இவற்றில் எதைப் போடலாம் என்று கேட்டால் பலரும் வேகத்தைத்தான் சொல்வார்கள்: ப்ரோஃபிபஸ் டிபி (அதன் பரவலான வகை) அதிகபட்சம் 12 எம்பிபிஎஸ், ப்ரோஃபிநெட் 100, அவ்வளவுதான் பேச்சு. லைன் நின்றுபோன நேரத்தில் மீட்டரோடு பேனலுக்குள் தலையை விடுகிறவருக்கு இது ரொம்ப முக்கியமில்லை. எது எப்படிப் பழுதாகும், எவ்வளவு சீக்கிரம் பிடிபடும் என்பதுதான் கவலை.

ப்ரோஃபிபஸின் ஊதா கேபிளில் இரண்டே கம்பி, பச்சை ஏ, சிவப்பு பி. வேகம் கூடினால் தூரம் சுருங்கும்: 12 எம்பிபிஎஸ்ஸில் ஒரு செக்மென்ட் (ஒரே தொடராக ஓடும் கேபிள்) 100 மீட்டர், 1.5-இல் 200, 187.5 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் 1000.

தலைவலி டெர்மினேஷனில்தான், அதாவது சிக்னல் முனையில் மோதி எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்களில். இரு முனைக் கனெக்டர்களிலும் அதற்கான குட்டி சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், நடுவில் எல்லாம் ஆஃப். கருவிகளிலிருந்து கனெக்டர்களைக் கழற்றி ஏ, பி நடுவே மீட்டர் வைத்தால் சுமார் 110 ஓம் காட்டும், ஏனென்றால் முனைக்கு ஒரு 220 ஓம், இரண்டும் பேரலலில். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்துவிடாதீர்கள். நடுவில் யாரோ ஒரு சுவிட்சை ஆன் செய்திருந்தால் பெரும்பாலான கனெக்டர்கள் அதற்கப்பால் போகும் கேபிளைத் துண்டித்துவிடும், முதல் முனையில் நின்று பார்த்தால் அப்போதும் அதே 110தான்! மறுமுனைக்குப் போய் அளந்தால் 220 காட்டும், குட்டு உடையும். அப்புறம், டெர்மினேஷனுக்கு 5 வோல்ட் கடைசிக் கருவிதான் தருகிறது, அதை அணைத்தால் நன்றாக ஓடிய லைன் காரணமே தெரியாமல் தடுமாறும்.

ப்ரோஃபிநெட்டில் இந்தத் தொல்லை இல்லை. பச்சை கேபிள், நாலு கம்பி, இரு கருவிகளுக்கு நடுவே 100 மீட்டர். எந்தத் துண்டு போனது என்பதை போர்ட்டின் லிங்க் விளக்கே சொல்லிவிடும். ஆனால் வரிசையாகக் கோர்த்தால் நடுவில் ஒரு டிரைவின் பவரை அணைத்தாலே அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் காணாமல் போகும், ப்ரோஃபிபஸில் நடுக்கருவி அணைந்தால் மற்றவை பாட்டுக்கு ஓடும். அடிக்கடி அணைக்கிற கருவி இருந்தால் நெட்வொர்க் சுவிட்ச் வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனி கேபிளாக, நட்சத்திரமாக இழுங்கள். கருவியை மாற்றும்போது புதியதற்கு ப்ரோஃபிபஸில் முகவரி எண் கொடுக்க வேண்டும், ப்ரோஃபிநெட்டில் பெயர். பெயர் கொடுக்க மறந்துவிட்டு கேபிளைச் சந்தேகிப்பவர்கள் நிறைய.

புது லைன் என்றால் நான் ப்ரோஃபிநெட்தான் போடுவேன். ஊதா கேபிள் ஒழுங்காக ஓடுகிற இடத்தில் கை வைக்க மாட்டேன், கனெக்டர் சுவிட்சுகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன்.